கோக்குவுக்கு ஏன் இன்னும் பாட்டி குரல்? (நொஸாவா மசாகோ இழை)

மார்ச் 10, 2024, மாலை 6.12 · மொட்டைமாடி

டிராகன் பால் காமிக்ஸை வரைந்த தோரியாமா அகிரா போய்விட்டார் என்று செய்தி வந்ததும், அதிலிருந்து எடுத்த கார்ட்டூன் தொடர் டிராகன் பால் ஸீ மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். இந்த முறை ஜப்பானிய ஒலியில். பத்து நிமிடம் தாங்கவில்லை. நாயகன் கோக்குவுக்கு மலை மாதிரி உடம்பு, வாயைத் திறந்தால் யாரோ பாட்டி பேசுகிறார். விசாரித்தால் நிஜமாகவே பாட்டிதானாம், வயது 87. சின்னப் பையன் கோக்குவுக்குச் சரி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனுக்கும் அதே குரலா? ஷான் ஷெம்மலின் ஆங்கிலக் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஜப்பான்காரர்கள் பழக்கதோஷத்தில் மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 10, இரவு 9.40 · நிஷிகசாய்

மறுக்கிறேன்.

அவர் பெயர் நொஸாவா மசாகோ. 1936 அக்டோபர் 25 அன்று டோக்கியோவில் பிறந்தவர். டிராகன் பால் தொலைக்காட்சிக்கு வந்தது 1986 பிப்ரவரி 26. தேர்வுக்கு வந்தவர்களின் குரல்களைத் தோரியாமாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். நொஸாவாவைக் கேட்டதும் இவர்தான் கோக்கு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு படம் வரையும்போதே அந்தக் குரல்தான் காதில் ஒலித்தது என்று அவரே சொன்னதுண்டு. ஆக, நீங்கள் படிக்கிற காமிக்ஸில் இருக்கிற பெரிய கோக்குவும் அந்தப் பாட்டி குரலைக் கேட்டுக்கொண்டே வரைந்ததுதான். படத்தில் இருப்பது ஒருவன், குரல் வேறொருவன் என்று பிரிக்க முடியாது.

இன்னொன்று. கோக்கு, மூத்தவன் கோஹான், இளையவன் கோத்தென் மூன்றும் அவரே. கோக்குவின் அப்பா பார்டாக்கும் அவரே. மூன்று தலைமுறைக்கு ஒரே தொண்டை. அப்பனும் பிள்ளைகளும் பேசிக்கொள்ளும் காட்சியில்கூட தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுவதில்லை, ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசிவிடுவார். திரையில் முகத்தைப் பார்த்தால் அந்தக் குரல் தானாக வந்துவிடும் என்பார்.

2015 ஆகஸ்ட் முதல் 2018 மே வரை டோக்கியோவில் நிஷிகசாயில் இருந்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஃபுஜி தொலைக்காட்சியில் டிராகன் பால் சூப்பர். ஜன்னலைத் திறந்து வைத்தால் எதிர்வீட்டிலிருந்தும் இதே குரல் வரும். அந்தப் பழக்கதோஷம் எனக்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, காலை 7.55 · நிஷிகசாய்

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். பாட்டி குரல் என்று உங்களுக்குக் கேட்பது வயது மட்டுமில்லை. அது பட்டிக்காட்டுப் பையன் பேச்சு. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கேவலமானது.

ஜப்பான் போன புதிதில் எனக்கு மொழி வாத்தியார் கோக்குதான். அலுவலகத்தில் முதல் நாள் எழுந்து நின்று நம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். பதினைந்து பேர், எல்லோரும் கறுப்பு கோட்டு. நான் நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டு, “ஒரா...” என்று ஆரம்பித்தேன். ஒரு நொடி சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒருவர் கோக்கு பாணியில் “ஓஸ்!” என்று பதில் வணக்கம் வைக்க, அறையே சிரித்தது. எனக்கு ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

ஜப்பானிய மொழியில் ‘நான்’ என்பதற்கு ஒரு கூடை சொல் இருக்கிறது. அலுவலகத்தில் வதாஷி. பையன்கள் பொக்கு. கொஞ்சம் மிடுக்குக் காட்ட ‘ஒரே’. கோக்கு சொல்வது ஒரா. காட்டில் தாத்தா வளர்த்த, வால் முளைத்த, பணம் என்றால் என்னவென்று தெரியாத பையனின் ‘நான்’. எங்கள் கோவைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் “நானுங்” என்று தொடங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லும் வாயும் அந்த ஊர் வாயாக இருக்க வேண்டும்.

கோக்கு வளர்ந்தான், கல்யாணம் செய்தான், உலகத்தைக் காப்பாற்றினான். ஆனால் கடைசிவரை ஒராதான். சோற்றைக் கண்டால் எல்லாவற்றையும் மறக்கிற பையன்தான். குரலை மாற்றாததும் அதனால்தான் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இந்த ஒரா வெறும் ‘ஐ’ ஆகிவிடுகிறது. பட்டிக்காடு போய்விட்டது, மீதி உடம்புதான் இருக்கிறது. உடம்புக்கேற்ற குரலைத்தானே பிறகு தேடுவார்கள்? ஷெம்மல் மேல் தப்பில்லை.

மார்ச் 11, காலை 8.10 · நிஷிகசாய்

தனிச்செய்தியில் ஒருவர் ‘செய்யூ’ என்றால் என்ன என்கிறார். செங்கல்பட்டுப் பக்கத்துச் செய்யூர் இல்லை. குரல், நடிகர் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் செய்யூ. குரல் நடிகர். அதே உச்சரிப்பில் ஜப்பானில் ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலியும் உண்டு. பக்கத்து இருக்கைப் பெண் “எனக்குச் செய்யூ ஆக ஆசை” என்றபோது கடையில் வேலை கிடைத்தால் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்டு வைத்தேன்.

மார்ச் 13, இரவு 11.02 · நிஷிகசாய்

மொட்டைமாடி கேட்டது நியாயமான கேள்வி: பையன் குரலுக்குப் பையனையே பேசவைக்க வேண்டியதுதானே, பெண்களை ஏன் பிடித்தார்கள்? ஒன் பீஸ் நாயகன் லூஃபிக்கு தனாகா மயுமி, அவர்தான் டிராகன் பாலில் கோக்குவின் நண்பன் குரிரினும். நருட்டோவுக்கு தகேஉச்சி ஜுன்கோ. டிடெக்டிவ் கோனானுக்கு தகயாமா மினாமி. போக்கிமான் சதோஷிக்கு மட்ஸுமோட்டோ ரிகா. எல்லாம் பெண்கள்.

இதற்குக் காரணம் ரசனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நொஸாவா பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை வேறு. அது முழுக்க முழுக்கத் தொல்லையில் பிறந்த ஏற்பாடு.

மூன்று வயதிலேயே சினிமாவில் தலைகாட்டியவர் அவர். வளர்ந்ததும் நாடகக் குழுவுக்குப் போனார். நாடகம் சோறு போடாது, அங்கேயும்தான். அந்த நேரத்தில் தொலைக்காட்சி வந்து, அமெரிக்கத் தொடர்களை வாங்கி ஓட்ட ஆரம்பித்தது. பதிவு நாடாவோ யானை விலை, பேசிப் பதிந்து வெட்டி ஒட்டுகிற வசதி கிடையாது. ஆகவே படம் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே நிலையத்தில் மைக் முன்னால் நின்று நேரலையில் ஜப்பானிய வசனம் பேச வேண்டும். தும்மினால் நாடு முழுக்கத் தும்மல்.

இதில் ஒரு சிறுவன் பாத்திரம் வருகிறது. நிஜச் சிறுவனை ராத்திரியில் நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தினாலும் நேரலையில் வரியை விட்டுவிடுவான். கொஞ்சம் பெரிய பையனாகப் பார்த்துப் பிடித்தால் தொடர் முடிவதற்குள் குரல் உடைந்துவிடும். அப்போதுதான் யாருக்கோ தோன்றியிருக்கிறது, பெண் குரலை இளக்கினால் பையன் குரலுக்கு நெருக்கமாக வருமே என்று. நாடகக் குழுக்களிலிருந்து ஆட்களை அழைத்துத் தேர்வு வைத்தார்கள். நொஸாவா போனார். பையன் ஆனார். அப்படியே இருந்துவிட்டார்.

1968இல் ‘கெகெகெ நோ கிதாரோ’வில் முதல் நாயகன் வேடம். ஒற்றைக்கண் பேய்ப்பையன். 1970இல் இனகாப்பே தைஷோ, 1972இல் தொகோன்ஜோ கயேரு, 1978இல் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999இன் தெட்சுரோ, 1980இல் டாம் சாயர். ஒரு பெண், இருபது வருடம், தெருத்தெருவாகப் பையன்கள். கோக்கு வந்தபோது அவருக்கு வயது 49. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்கள் ‘இன்னும் பாட்டி’ என்கிறீர்கள். முதல் நாளிலேயே அவர் பாட்டி வயதை நெருங்கிவிட்டார்!

மார்ச் 14, காலை 6.30 · நிஷிகசாய்

தூக்கம் வராமல் யோசித்தது. மேலே 1968 என்று போட்டேன், அதன் பின்பகுதியை விட்டுவிட்டேன். கிதாரோ 1985இல் மூன்றாம் முறை புதிதாக எடுக்கப்பட்டபோது நாயகன் குரலை நொஸாவாவுக்குத் தரவில்லை, தொதா கெய்கோவுக்குத் தந்தார்கள். அதாவது ஜப்பானில் குரலை மாற்றவே மாட்டார்கள் என்பது பொய். அவரிடமிருந்தே ஒரு பையனைப் பிடுங்கியிருக்கிறார்கள். நான்கே மாதத்தில் அடுத்த பையன் கையில் வந்தான், அவன்தான் கோக்கு.

ஆக மொட்டைமாடியின் ‘பழக்கதோஷம்’ வாதம் இங்கே அடிபடுகிறது. மாற்ற நினைத்தால் மாற்றத் தெரிந்தவர்கள்தான்.

மார்ச் 14, பிற்பகல் 1.15 · மொட்டைமாடி

அப்படியானால் கின்னஸில் ஏன் 23 வருடம் என்று இருக்கிறது? 1986இலிருந்து என்றால் கணக்கு இடிக்கிறதே. நீங்கள் சொல்வதில் எது சரி?

மார்ச் 14, இரவு 8.48 · நிஷிகசாய்

இரண்டும் சரி. 2017இல் அவர் பெற்ற கின்னஸ் சான்றிதழ்கள் வீடியோ விளையாட்டுக்கு மட்டும். விளையாட்டில் ஒரே பாத்திரத்துக்கு 23 ஆண்டு 218 நாள். 1993இல் வந்த டிராகன் பால் சண்டை விளையாட்டு, முதல் சூப்பர் புதோடென் கேசட்டிலிருந்து எண்ணியது. தொலைக்காட்சியைச் சேர்க்கவில்லை.

தொலைக்காட்சியில் ஒரே பாத்திரத்தை இவ்வளவு காலம் பேசியவர் வேறு யாரும் இல்லை என்று எழுதப் போனேன். நல்லவேளை தேடிப் பார்த்தேன். சஸாஏ-சான் தொடரில் காத்தோ மிதோரி 1969 அக்டோபரிலிருந்து அதே குடும்பத்தலைவிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார், இன்றுவரை. கின்னஸில் அந்தப் பதிவு அவருக்கு. நொஸாவா ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே போட்டியே வேறு. சஸாஏ-சானில் யாருக்கும் வயது ஏறாது, யாரும் கத்துவதில்லை. கோக்கு ஒரு அத்தியாயத்தில் பாதி நேரம் அடிவயிற்றிலிருந்து கத்துகிறான்.

மார்ச் 17, காலை 10.20 · நிஷிகசாய்

ஞாயிறு. சும்மா இருக்க முடியவில்லை. பணத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், “இவ்வளவு பெரிய தொடர், கோடீஸ்வரியாக இருப்பாரே?” என்று.

அவர் வங்கிக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும். பொதுவாக நடைமுறை இது. தரவரிசை முறை உண்டு. புதிதாக வந்தவர் முதல் மூன்று வருடம் ஜூனியர். அரைமணி அத்தியாயத்துக்கு 15,000 யென், அவ்வளவுதான். நாயகனாகப் பேசினாலும் அதே தொகை, “அங்கே ஓடுறான் பிடி” என்று ஒரு வரி பேசினாலும் அதே தொகை. பிறகு படிப்படியாக 45,000 வரை ஏறும். அதற்கு மேல் தரமற்றவர் என்று ஒரு வகை. தரங்கெட்டவர் இல்லை! தரவரிசைக்கு வெளியே இருப்பவர், பேசித் தீர்த்துக்கொள்ளும் சம்பளம். மறு ஒளிபரப்பு, டிஸ்க் விற்பனை எல்லாம் தனிக்கணக்கு. நடுவில் ஏஜென்சி தன் பங்கை எடுக்கும். நொஸாவா இப்போது இருக்கும் ஆஒனி புரொடக்‌ஷன் 1969இல் தொடங்கியது.

தரம் ஏறினால் நல்லது என்று நினைப்போம். ஏறினால் விலையும் ஏறும், விலை ஏறினால் அழைப்பு குறையும். அதனால் நடுவயதுக்காரர்கள் சிலர் தரம் ஏறாமல் இருக்கவே பார்ப்பார்கள் என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள். சிறு பாத்திரங்களில் எப்போதும் இருபது வயதுக் குரல்களே கேட்பது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்தத் தொகையும் சும்மா வரவில்லை. 1973 ஆகஸ்டில் குரல் நடிகர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் ஊர்வலம் போனார்கள். நேற்றுவரை பேய், பூனை, கவ்பாய் குரலில் பேசியவர்கள் கோஷம் போட்டால் எப்படி இருந்திருக்கும்! அதன் பலனாகக் கூலி ஏறத்தாழ மூன்று மடங்கானது.

அதே 1973 கோடையில் நொஸாவா யாருக்குப் பேசிக்கொண்டிருந்தார் தெரியுமா? டோரேமானுக்கு. நிஜம். நிப்பான் தொலைக்காட்சியில் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துபோன முதல் டோரேமான் தொடர். முதலில் தொமிதா கோஸெய் என்ற ஆண் நடிகர் பேசினார். பாதியில் நொஸாவா வந்தார். ஆறு மாதத்தில் தொடரே இழுத்து மூடப்பட்டது. நமக்கெல்லாம் தெரிந்த டோரேமான் 1979இல் ஓயாமா நொபுயோவின் குரலோடு வந்தது.

மார்ச் 17, காலை 10.31 · நிஷிகசாய்

“கோக்குதான் டோரேமானா” என்று ஐந்து பேர் கேட்டாயிற்று. ஆமாம். பையிலிருந்து, டிராகன் பாலில் காயத்தை ஆற்றுமே, அந்தச் செஞ்ஸு பயறு எடுத்திருப்பான்.

மார்ச் 24, இரவு 10.05 · நிஷிகசாய்

குரல் கொடுப்பதில் என்ன கஷ்டம், உட்கார்ந்து படிக்கிற வேலைதானே என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில், உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டுதான்.

மேலே சொன்ன பக்கத்து இருக்கைப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல் நடிப்புப் பள்ளி ஒன்றின் மாதிரி வகுப்பு, இலவசம். அங்கே அஃபுரேகோ சொல்லித் தந்தார்கள். படம் வரைந்த பிறகு பேசுவது அஃபுரேகோ. ஆங்கில ஆஃப்டர், ரெக்கார்டிங் இரண்டையும் வெட்டி ஒட்டிய ஜப்பானியச் சொல்.

எதிரே திரை. திரையில் படம் முடிந்திருக்காது, பென்சில் கோடுகள்தான் அசையும். யார் எப்போது பேச வேண்டும் என்பதற்கு அந்தப் பாத்திரத்தின் பெயர் திரையில் தோன்றும். தோன்றும்போது ஆரம்பி, மறைவதற்குள் முடி. கையில் வசனப் புத்தகம். வலப்பக்கம் தைத்திருக்கும், எழுத்து மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு பக்கத்திலும் மேல்பாதியில் காட்சி விவரம், கீழ்ப்பாதியில் பெயரும் வசனமும். இதைத் தொங்கவிட்டுப் பிடித்தால் கழுத்து குனிந்து குரல் அடைக்கும். கண் மட்டத்துக்கு ஏந்த வேண்டும். பக்கம் புரட்டும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதால் ஓரத்தை முன்கூட்டியே மடித்து வைத்துக்கொள்வார்கள். சரசரக்கும் சட்டை, வளையல், டக் டக் செருப்பு எதுவும் கூடாது.

நாங்கள் எட்டுப் பேர், மைக் இரண்டு. இதுதான் நான் எதிர்பார்க்காதது. உன் வரி வருவதற்கு முன்னால் ஓசையில்லாமல் நகர்ந்து மைக்குக்கு வர வேண்டும், பேசி முடித்ததும் அடுத்தவனுக்கு விலக வேண்டும். கண் திரையிலும் புத்தகத்திலும், கால் பக்கத்து ஆளின் காலிலும். நடனம் மாதிரி. எனக்கு எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: “தஸுகெதே குரே!” காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். காலையில் சாப்பிடாமல் போயிருந்தேன். சரியான இடத்தில் மைக்குக்கு வந்தேன், என் பெயர் தோன்றியது, வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு பேசிவிட்டது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு. மற்ற ஏழு பேரும் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஆசிரியை பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டினார், அதுதான் கொடுமை. தொழிலில் இருப்பவர்கள் பையில் ஒரு ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வைத்திருப்பது இதற்குத்தான் என்றார்.

இனி இதை வைத்து நொஸாவாவை யோசித்துப் பாருங்கள். இதே நகர்தல், இதே புத்தகம், இதே கோடுகள். அதில் அப்பா ஒரு குரல், பெரிய பையன் ஒரு குரல், சின்னவன் ஒரு குரல். அதுவும் கதையின் முடிவு தெரியாமல். கோக்குவுக்கு நாளை நடப்பது தெரியாது, எனக்கும் தெரியக்கூடாது என்று அவர் காமிக்ஸை முன்கூட்டிப் படிக்க மாட்டாராம்.

அந்தப் பெண் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனாள். எந்த ஏஜென்சியும் எடுக்கவில்லை. இப்போதும் அதே அலுவலகம். ஆண்டுதோறும் புத்தாண்டு வாழ்த்தில் என் வயிற்றை விசாரிப்பாள்.

ஏப்ரல் 22, இரவு 9.15 · நிஷிகசாய்

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. நேற்று சிபி மருகோ-சானில் புதுக் குரல் வந்துவிட்டது. 1990இலிருந்து மருகோவுக்குப் பேசிய தராக்கோ மார்ச் 4 அன்று இறந்தார். தோரியாமா செய்தி வந்த அதே நாட்கள், அதனால் நம் பக்கத்தில் பலர் கவனிக்கவே இல்லை. இடைவெளி ஏழு வாரம். கிகுச்சி கொகொனா பேசியிருக்கிறார். நன்றாகவே இருக்கிறது, முதல் நிமிடம்தான் கஷ்டம்.

இதைப் பார்த்ததும் டிராகன் பாலில் யார் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது. புல்மாவுக்கு முதல் நாளிலிருந்து பேசிய ட்ஸுரு ஹிரோமி 2017 நவம்பரில், 57 வயதில். அப்போது நான் அங்கேதான் இருந்தேன், அலுவலகத்தில் மதியம் வரை யாரும் சரியாகப் பேசவில்லை. கதைசொல்லிக் குரலாகவும் கயோவாகவும் இருந்த யனாமி ஜோஜி 2021இல். ஆமை முனிவருக்கு முதலில் பேசிய மியாஉச்சி கோஹெய் 1995லேயே. சுற்றி நின்றவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், நடு மைக்கில் மட்டும் அதே ஆள்.

இன்னொரு ஞாயிறு. 2018 மார்ச் 25இல் டிராகன் பால் சூப்பர் முடிந்தது. ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 1, கை பழக்கத்தில் ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டேன். கோக்கு இல்லை, அதே நேரத்தில் கிதாரோவின் ஆறாவது தொடர் ஆரம்பம். கிதாரோவுக்குப் பேசியவர் சவாஷிரோ மியுகி. பையனின் அப்பா ஒரு கண்ணுமுழி, அவ்வளவுதான், உடம்பு சின்னதாக, தலைக்குப் பதில் முழி, தேநீர்க் கிண்ணத்தில் குளிக்கும். 1968இலிருந்து பல தொடர்களில் அந்த முழிக்குக் கீச்சுக்குரல் கொடுத்த தானோநாகா இஸாமு 2010இல் இறந்துவிட்டார். இப்போது அந்த முழி வாயைத் திறந்ததும் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டேன். நொஸாவா! ஐம்பது வருடத்துக்கு முன்னால் மகனாகப் பேசியவர், இப்போது அதே கதையில் அப்பன். “ஓய், கிதாரோ” என்று கூப்பிடுகிறார். ஒரு காலத்தில் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொன்னதே அவர்தான்.

ஜூன் 2, பிற்பகல் 3.40 · மொட்டைமாடி

இவ்வளவு படித்தும் என் காது மாறவில்லை. பெரிய கோக்கு பேசும் ஒரு இடம் சொல்லுங்கள், அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்த இடமே விழுந்துவிடும் என்கிற மாதிரி. ஒரே ஒரு இடம்.

ஜூன் 2, இரவு 11.50 · நிஷிகசாய்

முதலில் ஒரு ஒப்புதல். கோக்கு தன் மனைவியிடம் அமைதியாகப் பேசும் சில காட்சிகளில் எனக்கும் இடறத்தான் செய்கிறது. மூன்று மாதமாக வாதாடியதால் சொல்லாமல் மறைத்தேன். தாயும் மகனும் பேசுகிற மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்ட இடம்: ஸீயில் 95ஆம் அத்தியாயம். வில்லன் ஃப்ரீஸா குரிரினைக் கொன்றுவிட்டான். இதற்கு முன்னால் மார்ச் 11 குறிப்பில் கோக்கு கடைசிவரை ஒராதான் என்று எழுதியிருந்தேன். அது தப்பு. இங்கே மாறுகிறது.

பொன்முடி எழும்பிய பிறகு அவன் கத்துவதில்லை, அதைக் கவனியுங்கள். குரல் கீழே இறங்கி வறண்டுபோகிறது. கோஹானை அனுப்பிவிடச் சொல்லும்போது அதில் பையன் இல்லை. பிறகு ஃப்ரீஸாவைப் பார்த்துத் தனக்குக் கோபம் வந்துவிட்டது என்று முழங்குகிறான். அந்த வாக்கியத்தின் முதல் சொல் ‘ஒரா’ இல்லை, ‘ஒரே’. ஒரே ஒரு எழுத்து மாற்றம். பட்டிக்காட்டுப் பிள்ளை காணாமல் போய் யாரோ ஒருவன் நிற்கிறான். இருநூறு அத்தியாயத்துக்கு மேல் ஒரா ஒரா என்று அதே பிள்ளைக்குரலில் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அது உறைக்கும். ஆரம்பத்திலிருந்தே கனத்த குரலில் பேசுகிறவனுக்கு இந்த இடத்தில் இறங்குவதற்குப் படி ஏது?

கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காதணி ஒலிபெருக்கியில் கேளுங்கள், கைபேசியில் வேண்டாம்.

ஜூன் 3, காலை 6.15 · நிஷிகசாய்

‘காதணி ஒலிபெருக்கி’ என்று எழுதியதற்கு இரவு முழுக்கக் கிண்டல். சரி, ஹெட்ஃபோன்.

அக்டோபர் 12, காலை 9.05 · நிஷிகசாய்

நேற்று இரண்டு செய்தி. பகலில், ஓயாமா நொபுயோ செப்டம்பர் 29 அன்றே, 90 வயதில் இறந்துவிட்டார் என்ற தகவல் வெளியானது. 1979 முதல் 2005 வரை டோரேமான். 2005 ஏப்ரலில் ஒரே வீச்சில் முக்கியக் குரல்கள் எல்லோரையும் மாற்றி, டோரேமானை மிஸுதா வஸாபியிடம் தந்தார்கள். நொபிதாவுக்குப் பேசிய ஓஹாரா நொரிகோவும் இந்த ஜூலையில்தான் போனார்.

அன்றிரவே 11.40க்கு ஃபுஜி தொலைக்காட்சியில் டிராகன் பால் டைமா ஆரம்பம். தோரியாமா கதையில் கைவைத்துவிட்டுப் போன தொடர். மந்திரத்தில் கோக்கு மறுபடி சின்னப் பையனாகிறான். டோரேமானை ஆறு மாதப் பதிப்பில் பாதிக் காலம் பேசிவிட்டு விட்டவர் இங்கே, அதை இருபத்தாறு வருடம் பேசியவரின் மரணச் செய்தி அங்கே. நொஸாவா அன்று என்ன நினைத்தாரோ.

பார்த்தேன். வயது கேட்கிறதா என்றால், கேட்கிறது. மூச்சு முன்பைவிடச் சீக்கிரம் எடுக்கிறார், நீண்ட வாக்கியத்தின் வால் லேசாக நடுங்குகிறது. பெரியவனாக இருக்கும்போதுதான் அது தெரிகிறது. சின்னவனாகச் சுருங்கிய பிறகு தெரியவில்லை, எப்படி என்று விளங்கவில்லை. எட்டு வயது அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “இந்தப் பையனுக்கு எத்தனை வயசு மாமா?” என்றாள். படத்தில் இருப்பவனுக்கா, பேசுகிறவருக்கா என்று கேட்கவில்லை. எனக்கும் எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, இரவு 7.30 · மொட்டைமாடி

95 பார்த்தேன், ஹெட்ஃபோனில். ஜூனிலேயே பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஷெம்மல்தான். அந்த ‘ஒரே’ மட்டும் ஜப்பானியத்தில்.

அக்டோபர் 12, இரவு 8.20 · நிஷிகசாய்

போதும், அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

25ஆம் தேதி நொஸாவாவுக்கு 88. ஜப்பானில் அதற்குத் தனிப்பெயர் உண்டு, பெய்ஜு, அரிசி வயது. அரிசி என்ற எழுத்தைக் கோடு கோடாகப் பிரித்துப் போட்டால் எட்டு, பத்து, எட்டு என்று வரும். சோறு என்றால் கோக்குவுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, பொருத்தம்தான். டைமா அடுத்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை. அங்கே ஓடும் நேரம் நமக்கு இரவு 8.10.